கவிழ்ந்து கிடப்பது செல்வம்

இன்று வாலாஜாபாத்திலிருந்து பெண் வீட்டார் என் அறைக்கு வந்திருந்தார்கள்.

கம்பெனி பயிற்சிக்குப் பின்லாந்து போனபோது, சனி ஞாயிறில் நண்பர்களோடு பனிவண்டி ஓட்டிய படத்தைக் காட்டினேன். எல்லோருக்கும் ஒரே உடுப்பு, முகத்தை மூடும் ஹெல்மெட்.

“இதுல நீங்க யாருங்க?” என்றார் பெண்ணின் அப்பா.

“முன்னாடி நேரா ஓட்டிட்டுப் போறது நான்தாங்க.”

“கவுந்து கெடக்கறவரு?”

“ரூம்மேட் செல்வம்.”

“மெஷின் வுட்டு பனிய இவ்ளோ சமமா ரோடு மாதிரி பண்ணிக்கீறாங்க. அதுல போய் எப்டிங்க கவுந்தாரு?”

“அவனுக்கு நிதானம் பத்தாதுங்க.”

“அவருக்குப் பொண்ணு குடுக்கறவன் பாவம்” என்றார். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுகிறோம்.

செல்வம், நேராக ஓட்டியது நீதான். வெள்ளிக்கிழமைவரை இந்தப் பதிவுக்குக் கீழே எதுவும் எழுதாதே.

மற்றவர்கள் வாழ்த்தலாம்.