எங்கள் கிச்சனுக்கு வந்த சீனச் சட்டம்

நான் எம்.ஏ. வரலாறு. ஓமான் நாட்டுச் சோஹாரில் எனக்குச் சோறு போட்டது அதற்கப்புறம் படித்த ஐ.டி.ஐ. பைப் ஃபிட்டர் படிப்புதான். ஆனாலும் அந்த எம்.ஏ. வீண் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் தொழிலாளர் கேம்ப் கிச்சனைக் காப்பாற்றியது அதுதான்.

தமிழர்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட கேம்பில் ஒரு கிச்சன் விட்டிருந்தார்கள். பாதிப் பேர் என்னைப் போலக் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள், மீதிப் பேர் தேனிப் பக்கம். டூட்டி போட யார் தலைவரானாலும் தன் ஊர்க்காரனுக்கு வெங்காயம் உரிக்கும் டூட்டி, அடுத்த ஊர்க்காரனுக்கு அண்டா கழுவும் டூட்டி. பிரியாணி அண்டா அடிப்பிடித்துவிட்டால் லீவு நாளில் பாதி அதிலேயே போய்விடும். இதில் தொடங்கிய பேச்சு ஒருநாள் கைகலப்பில் முடிந்தது. கேம்ப் பாஸ் வந்து கிச்சன் சாவியை ஆட்டிக் காட்டி, "ஏக் அவுர் லடாயி, கிச்சன் கலாஸ்!" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு சண்டை வந்தால் கம்பெனி மெஸ்ஸின் ரப்பர் மாதிரி குபூஸ் ரொட்டிதான் எங்கள் கதி.

அன்று சாயங்காலம் கையில் கரண்டியோடு எல்லாருக்கும் சீன வரலாறு சொன்னேன். அந்தக் காலத்துப் பேரரசர்கள் பரீட்சை வைத்து அதிகாரியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அவனைச் சொந்த மாகாணத்துக்கு மட்டும் அனுப்பமாட்டார்கள். வரி வாங்குகிறவனும் அவன், வழக்குத் தீர்க்கிறவனும் அவன். எதிரே பங்காளி வந்து நின்றால் தராசு சாயும் என்று தெரிந்து போட்ட சட்டம் அது. வம்சங்கள் கவிழ்ந்தன, சட்டம் கவிழவில்லை.

"அதுக்கும் நம்ம அண்டாவுக்கும் என்னப்பா?" என்றார் தேனிக்காரர்களில் மூத்தவர்.

"தலைவரு ரெண்டு பேரு. உங்க ஆளுவளுக்கு நான் டூட்டி போடுதேன். எங்க ஆளுவளுக்கு நீங்க போடுங்க."

"நீ எங்களப் பழி வாங்குனா?"

"மறுநாளு எனக்கு டூட்டி போடுதது நீங்கதான அண்ணே?"

அவர் சிரித்தார். "சீனாக்காரன் லேசுப்பட்டவன் இல்லப்பா."

முதல் வெள்ளிக்கிழமை அண்டாவை அவர் என் மைத்துனன் தலையில் கட்டினார். என் மனைவியின் தம்பி, மூக்குக்கு மேல் கோபம். நேரே என்னிடம் வந்தான்.

"அத்தான், அவருட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"எனக்க ஆளுக்கு நான் பேசப்பிடாது மக்கா. அதாக்கும் சட்டம்."

அவன் அண்டாவைத் தரையில் போட்ட சத்தத்தில் கிச்சனே அதிர்ந்தது. போச்சு, சாவி போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் கழுவினான். முணுமுணுத்துக்கொண்டே தேய்த்துக் கவிழ்த்தான். அந்த வாரம் போனில் மனைவி, "நான் கெட்டுனது உங்களையா, சீனா ராஜாவையா?" என்று கேட்டாள். சாவி எங்கள் ஆணியிலேயே தொங்கியது.

அடுத்த வருஷம் எங்கள் பக்கத் தலைவர் என் மைத்துனன்தான். தேனி அண்ணன் ஊருக்கு லீவில் போகும்போது கிறிஸ்துமஸ் அண்டாவை எனக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மொத்த அதிகாரமும் இப்போது என் மைத்துனன் கையில். அண்டா கழுவும் நேரம்தான் ஊரில் பிள்ளைகள் என் போனுக்குக் காத்திருக்கும் நேரம். அவனிடம் போய் மாற்றித் தரக் கேட்டேன்.

அவன் முகம் வாடிவிட்டது. "உங்களுக்கு நான் தீர்ப்புச் சொல்லப்பிடாது அத்தான்" என்று, தீர்ப்புச் சொல்லத் தேனிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு வெளியே போய் நின்றான்.

வந்தவர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. போட்டது போட்டதுதான்."

பிள்ளைகளை நினைத்துக்கொண்டே அண்டாவுக்குள் குனிந்தேன். வாசலில் புதிதாக வந்த ஒருவருக்கு என் மைத்துனன் விளக்கிக்கொண்டிருந்தான்.

"இங்க ஊரு பாசமெல்லாம் மாஃபி, கெடையவே கெடையாது. சீனா ராஜா போட்ட சட்டம். அன்னா அண்டா கழுவுதாருல்லா, எனக்க அத்தான், அவருதான் இங்க கொண்டு வந்தது."

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்க நான் எத்தனை அண்டா வேண்டுமானாலும் கழுவியிருப்பேன்.