ஷோகேஸில் வைத்த மீன் டப்பா

இந்த நாட்டில் ஒன்று கெட்டுவிட்டதா என்று வாயில் வைத்துப் பார்க்கக் கூடாதாம். கிளாஸ்கோவில், இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் கிடங்கொன்றில் தகர டப்பாக்களைத் தரம் பிரிப்பது என் வேலை. சேர்ந்த புதிதில், தேதி கடந்த ஒரு டப்பாவைத் திறந்து ருசித்துச் சொல்லவா என்று மேற்பார்வையாளர் ஐலீனிடம் கேட்டேன். எனக்குப் பசி என்று நினைத்து, பாவம், தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தார். பிறகுதான் விளக்கினார். தேதி கொஞ்சம் தாண்டினால் பரவாயில்லை; ஆனால் உப்பியது, கசிவது, விளிம்பு மடிப்பில் நசுங்கியது, துரு அரித்தது எதுவும் வேண்டாம். சில நஞ்சுக்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை.

எனக்கு அது லேசில் ஏறவில்லை. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நாக்குதான் தீர்ப்புச் சொல்லும். கரியாலூரிலிருந்து மலைத்தேன் வந்தால், புறங்கையில் ஒரு சொட்டு நக்கிப் பார்க்காமல் அப்பா பேரமே பேச மாட்டார். மீந்த குழம்பை வைப்பதா கொட்டுவதா என்று அம்மா உள்ளங்கையில் விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வாள். அப்படி வளர்ந்தவளை ஒரே நாளில் மாற்ற முடியுமா?

போன ஞாயிறு காலை தம்பி ஏழுமலை வீடியோவில் கூப்பிட்டான். அங்கே மதியம். மணலூர்பேட்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் சாப்பிட வரப்போகிறார்கள். முன்பு ஊருக்குப் போனபோது ஒரு சால்மன் மீன் டப்பாவும் இரண்டு கொண்டைக்கடலை டப்பாவும் கொடுத்திருந்தேன். கொண்டைக்கடலையை இந்தியாவுக்குச் சுமந்த புத்திசாலி நான்தான். ஃபாரின் சாமான் என்று அவற்றைத் தின்னாமல், வெயில் விழும் ஷோகேஸில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் இறக்கியிருக்கிறான். மீன் டப்பாவின் மூடி பூரி மாதிரி எழும்பியிருந்தது. திறக்காதே என்றேன்.

“இன்னாக்கா நீ, நல்லா ரொம்பிக்கினு கீது. ஒரு துளி நாக்குல வச்சிப் பாக்கறேன். சரியில்லன்னா துப்பிடறேன்.”

தட்டிவிட என் கை எட்டாது. கெஞ்சினேன், திட்டினேன். அக்கா ஆசையாகக் கொடுத்ததைத் தூக்கிப் போடுவதா என்று அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனாலும் நான் விடவில்லை. திறக்காமல் இரண்டு கவரில் இறுகக் கட்டி, தெருநாய் தோண்ட முடியாத ஆழத்தில் கொல்லையில் புதைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை போனை வைக்க விடவில்லை.

பிறகு கடலை டப்பாக்களைக் கேமரா முன் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னேன். மூடி தட்டையாக இருந்தது, அழுத்தினால் அசையவில்லை. நசுங்கலும் துருவும் இல்லை. இன்றைக்கே குழம்பில் போட்டுவிடு என்றேன்.

“எல்லாத்தையும் தின்னுட்டா, உன் ஞாபகமா வூட்ல இன்னாக்கா இருக்கும்?”

தின்னுங்கள், நான் பார்க்க வேண்டும் என்று அதட்டினேன். சம்பந்தி வீட்டார் வந்தார்கள், இலை போட்டார்கள். பரிமாறும் அவசரத்தில் போனைப் பிடிக்க ஆளில்லை. ஏழுமலை அதைக் கொண்டுபோய், டப்பாக்கள் இருந்த இடத்தில் சாய்த்து வைத்து, பழக்கதோஷத்தில் ஷோகேஸ் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டான். அவர்கள் சாப்பிடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பேசுவதுதான் கேட்கவில்லை.