வெர்னாவின் கேக்கைத் தின்றவர்

ஹாலி ஃபோர்க் தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் வெர்னா ஹாஸ்டெட்லர் முப்பத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். இண்டியானாவில் வருடம் முழுக்கக் கிறிஸ்துமஸ் கொண்டாடும் ஊர் அது. வெயில் மண்டையைப் பிளக்கும் ஜூலையிலும் விளக்குக் கம்பங்களில் மணிகள் தொங்கும். பல் டாக்டர் சிவப்புத் தொப்பியோடுதான் பல் பிடுங்குவார். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பிள்ளைகள் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் பதில் போடுவது வெர்னாதான். கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லை என்பாள். யாரும் கேட்கவில்லை என்பது ஊரார் சொல்வது.

அவளுடைய பெருமையெல்லாம் கேக்கில் இருந்தது. ஜூலை முதல் தேதி வீட்டுக்கொரு உலர்பழக் கேக், தகர டப்பாவில் வைத்து, பச்சை நாடா கட்டி, தானே கொண்டுபோய்க் கொடுப்பாள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை செர்ரி மேலே பதித்திருக்கும். வாங்குகிறவர்கள் வாயெல்லாம் பல்லாக நன்றி சொல்வார்கள். அவள் தலை மறைந்ததும் அதை யார் தலையில் கட்டலாம் என்று யோசிப்பார்கள். யாரும் வாயில் வைப்பதில்லை. ஊருக்கே தெரிந்த இந்த ரகசியம் வெர்னாவுக்கு மட்டும் தெரியாது. அவளும் அதை ருசி பார்த்ததில்லை. உலர்ந்த திராட்சை என்றாலே அவளுக்குக் குமட்டும். ஆனாலும் யாராவது ஒருவர் ருசித்துத் தின்றதாக மனசாரச் சொல்ல மாட்டாரா என்று வருடா வருடம் காத்திருந்தாள்.

அந்த ஜூலை பதினாறாம் தேதி மத்தியானம் ஊரின் கிறிஸ்துமஸ் தாத்தா ஆர்வில் புரூயிட் கடைவீதிச் சறுக்குவண்டியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். தூங்குகிறார் என்று நினைத்து வரிசையில் நின்ற பிள்ளைகள் கால் மணி நேரம் பொறுமையாக நின்றார்கள். மடியில் வெர்னாவின் கேக் இருந்தது, ஒரு துண்டு வெட்டப்பட்டு. அதில் எலி மருந்து கலந்திருப்பதாகச் சோதனையில் தெரிந்தது.

ஆர்வில் தனிக்கட்டை. தினமும் பதினோரு மணிக்குத் தபால் ஆபீசுக்கு வந்து ஒரே ஒரு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு போவார். மொத்தமாக வாங்கத் தெரியாத கஞ்சன் என்று வெர்னா நினைத்திருந்தாள். டிசம்பரில் டப்பாவை மட்டும் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். கலைமான்களுக்குப் போட்டிருப்பார் என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

ஷெரிஃப் லமார் ஸ்டக்கி தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான்.

"டப்பா உங்களுது, கேக்கும் உங்களுது, மிஸ் வெர்னா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் உங்களக் கூட்டிட்டுப் போகவேண்டியிருக்கும்."

"ஏழு வயசுல துப்பாக்கி கேட்டுத் தாத்தாவுக்கு நீ எழுதின கடுதாசி எங்கிட்டதான் இருக்கு, லமார். அப்பவே வேண்டாம்னு பதில் எழுதினேன். கேட்டியா?" என்றாள் வெர்னா. வாய்தான் அப்படிப் பேசியது. இந்த வயதில் சிறைக்குப் போனால் திரும்பி வருவது சவப்பெட்டியில்தான் என்று அவளுக்குத் தெரியும். கேக்கின் படத்தையாவது காட்டு என்றாள். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேலே இரண்டு செர்ரி. ஒண்டியாளான ஆர்விலுக்கு அவள் வைத்தது ஒன்று.

ஊரில் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகள் நாலே நாலு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் வெர்னா எழுந்து, அந்த நாலு வீட்டாரும் தங்கள் கேக்கைக் கொண்டுவந்து காட்டட்டும் என்று கேட்டாள். கூடத்தில் எல்லாருக்கும் திடீரென்று தங்கள் செருப்பைப் பார்க்கவேண்டிய அவசியம் வந்துவிட்டது.

போதகர் எமெட் முதலில் எழுந்து, ஆடுகிற பிரசங்க மேடையின் காலடியிலிருந்து தன் கேக்கை உருவி எடுத்தார். பொம்மைக் கடை மாக்சின் தன்னுடையதற்கு வார்னிஷ் அடித்துக் கடை ஜன்னலில் அலங்காரமாக வைத்திருந்தாள், அழுதுகொண்டே கொண்டுவந்தாள். மூன்றாவது வீடு ஷெரிஃபுடையது. அவன் காது வரை சிவந்துபோய், போலீஸ் நிலையத்தின் பின்கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்ததை எடுத்து வந்தான். மூன்றிலும் இரண்டிரண்டு செர்ரி, ஒரு கீறல்கூட இல்லாமல். தன்மேல் விழுந்த குற்றம் கழன்று போவது வெர்னாவுக்குத் தெரிந்தது. கூடவே முப்பத்தெட்டு வருடமும் கழன்று போயிற்று.

நாலாவது லீலண்ட் ஃபிட்ச். ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்தும், பத்தொன்பது வருடமாக ஆர்விலின் பக்கத்தில் பச்சைத் தொப்பி போட்டுத் தாத்தாவின் எடுபிடிக் குள்ளன் வேஷத்தில் நிற்கிறவன். அவனும் அவன் தாய் ஓப்பலும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

"எங்க கேக்கு எங்க இருக்கும், மிஸ் வெர்னா? வந்த அன்னிக்கே தீந்துபோச்சு. தூள்கூட மிஞ்சல. அந்த மாதிரி கேக்கு நான் சாப்பிட்டதே இல்ல," என்றான் லீலண்ட்.

வெர்னாவின் கண் நிறைந்துவிட்டது. அத்தனை வருடம் காத்திருந்த பேச்சு அது. வார்னிஷ் அடித்தவளும் முட்டுக்கொடுத்தவனும் நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். ஒரு புகழ்ச்சியோடு விட மனசில்லை. ஆசை யாரை விட்டது? இன்னொன்றும் கிடைக்குமென்று ஓப்பல் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் புடிச்சிருந்துதா, ஓப்பல்?"

ஓப்பல் மகனைப் பார்த்தாள். "வந்துச்சா? இந்த வருஷம் வெர்னா நம்மள மறந்துட்டான்னு சொன்னியேடா. நான் ரெண்டு வாரமா அவகூடப் பேசாம இருக்கேன்."

லீலண்ட் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அடுத்த வருஷம் தாத்தா வேஷம் உனக்கு என்று பத்தொன்பது வருடமாக ஆசை காட்டினாராம் ஆர்வில். இந்த வருஷமும் அதையே சொன்னாராம்.

ஷெரிஃபுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இந்த ஊரில் எவனும் தொடாத கேக்கில் மருந்து வைத்தால் செத்துப்போவார் என்று எப்படி நம்பினான்?

"அவர் தின்பாரு," என்றான் லீலண்ட். "தினம் மத்தியானம் ஒரு துண்டு. தன்னோடது பத்தாதுன்னு, வேண்டாம்னு மத்தவங்க குடுக்கறதயும் வாங்கி வெச்சுக்குவாரு. பக்கத்துலயே நின்னு பாத்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் லமார் ஆர்விலின் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். இதில் மருந்து இல்லை, சோதித்துவிட்டோம் என்று சொல்லி, கதவு விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனான். டப்பாவில் முக்கால் கேக் தீர்ந்திருந்தது. மிச்சத்தின் மேல் ஒற்றைச் செர்ரி. செர்ரியைச் சுற்றி வெட்டி, அதைக் கடைசிக்கென்று விட்டுவைத்திருந்தார். அடியில் காகித உறைக்குள் ஸ்டாம்புகள் இருந்தன. நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒன்றைக்கூட ஒட்டவில்லை.

வெர்னா ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தாள். கல் மாதிரி இருந்தது. ஆரஞ்சுத் தோல் கசந்தது, திராட்சை பல்லில் ஒட்டியது. துப்பப் போனாள், துப்பவில்லை.

"கண்றாவி," என்று வாய்விட்டுச் சொன்னாள். "இதயா மனுஷா தின்னே?"

பிறகு அழுதுகொண்டே, செர்ரியோடு சேர்த்து, மிச்சம் முழுவதையும் தின்று முடித்தாள்.