தேயிலையில் ஏறிய வாசம்

நுவரெலியாவில் அந்தக் கடைப் பெண் ஒரு வார்த்தை கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துச் செண்டைப் புஸ் என்று அடித்துவிட்டாள். "மிஸ், அதுவும் இதுவும் ஒண்ணுதாங்க. போத்தல்தான் வேற" என்றாள். மூக்கருகே கொண்டுபோனேன். கக்கூஸ் கழுவுகிற மருந்தில் சீனியைக் கரைத்து வைத்த மாதிரி ஒரு நாற்றம். நான் கேட்டது மெல்லிய கஸ்தூரி வாசம். பூ என்று சொல்ல முடியாது, சோப் என்றும் சொல்ல முடியாது. பூசியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் தெரியும், எழுந்து போனால் கூடவே போய்விடும். இவள் கொடுத்தது கடையை விட்டு வெளியே வந்த பிறகும் என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. குழாய்த் தண்ணீரில் தேய்த்தேன், கைக்குட்டையால் துடைத்தேன், அசைந்து கொடுக்கவில்லை. அந்த நாற்றத்தோடுதான் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கை அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார். நானுஓயாவில் மழை உள்ளே அடித்தது, அப்போதும் மூடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

எனக்காக என்றால் என்றைக்கோ விட்டுத் தொலைத்திருப்பேன். அத்தைக்காகத்தான் இந்த அலைச்சல். அத்தை என்றால் என் மாமியார். போன வருஷம் லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஈரப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் செய்ததைச் செய்து அனுப்பினார்கள். தலவாக்கலையில் நாங்கள் குடிமாறியிருந்த வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தோம். அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. உடம்பு வலியை அவர் பெரிதாகச் சொன்னதே கிடையாது. அவரைப் பிடித்துத் தின்றது வேறு ஒன்று. தன் உடம்பு நாறுகிறது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு வேளை துடைத்துவிட்டேன், துணி மாற்றினேன், விரிப்பைத் துவைத்தேன். படுக்கையில் கிடக்கிற உடம்புக்கு என்று ஒரு வாசம் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நினைத்த அளவுக்கு இல்லை. யார் வந்தாலும் போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டு, "கிட்ட வராத, நாறுது" என்பார். பார்க்க வந்தவர்கள் வாசலோடு நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் என் மகளையும் அப்படியே விரட்டினார். பிறந்ததிலிருந்து அப்பாயி மடியில் கிடந்த பிள்ளை அவள். அன்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு மருந்து எங்களிடம் இருந்தது. நான் பூசுகிற செண்ட். சாயங்காலம் முகம் கழுவி, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு. அவ்வளவுதான் அத்தையின் கணக்கு. கடைசிப் போத்தலும் அடிவரை தீர்ந்து, மறுபடி வாங்கப் போனால், கம்பனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது என்றார்கள். அதன் பெயரை எழுதிப் பிரயோசனமில்லை, இனி யாருக்கும் கிடைக்காது. நன்றாக இருக்கிற ஒன்றை எதற்காக நிறுத்துகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. குமட்டுகிறதையெல்லாம் விடாமல் செய்கிறார்கள்.

அந்தச் செண்ட் அத்தையிடம் போய்ச் சேர்ந்ததே என் முட்டாள்தனத்தால்தான். நான் ஹட்டன் டவுனில் வளர்ந்தவள். கல்யாணமாகி லயத்துக்கு வந்த புதிதில், என் சாமான்களை வைக்க அலுமாரியில் இடமில்லை. ஒரு மரப்பெட்டி இருந்தது. செண்ட் போத்தலை அதற்குள் வைத்தேன். மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது. தோட்டத்தில் மாதா மாதம் கொடுக்கிற தேயிலைத்தூளும் அதே பெட்டிக்குள்தான் கடதாசியில் சுற்றிக் கிடந்தது. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டவுன்காரிக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடித் துப்பினார். மாமனாரின் அக்கா அன்று வந்திருந்தார். அவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர் கோப்பையைத் தரையில் நங்கென்று வைத்தார். "டவுன்ல இருந்து பொண்ணு எடுத்தா இப்படித்தான். சாக்கடத் தண்ணியக் கூட குடிச்சிரலாம்" என்றார். எனக்கு முகம் எரிந்தது. அத்தை மட்டும் மெதுவாக முழுதையும் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார்.

"இது என்னா வாசம் புள்ள?" என்றார்.

நான் பயந்துகொண்டே போத்தலை எடுத்துக் காட்டினேன். வாங்கி மோந்துவிட்டு, "ஆளுக்குத் தெரியாம பூசிக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

அவர் ஏன் அப்படிக் குடித்தார் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து அவருக்கு வேலை தோட்டத்து ஃபெக்டரியில், தேயிலை சலிக்கிற காம்பராவில். அந்த அறைக்குள் பூ வைத்துக்கொண்டு போக முடியாது, பவுடர் போட முடியாது, தலைவலித் தைலம் கூடத் தடவக்கூடாது. தேயிலையின் தரத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வாசலில் நின்று மோந்து பார்ப்பாராம், நாய் மாதிரி. ஒரு முறை கல்யாண வீட்டில் தெளித்த பன்னீர் சேலையில் ஒட்டியிருந்தது என்று அன்று முழுக்க வெளியே விறகு அடுக்க விட்டார்களாம். மற்றப் பெண்கள் மல்லிகை வைத்துக்கொண்டு சிரிக்கிற வயதெல்லாம் அத்தைக்கு அப்படியே போய்விட்டது. வேலையை விட்டு நின்று இனிப் பூ வைக்கலாம் என்றபோது மாமனார் இறந்துவிட்டார். பூவும் பொட்டும் கூடாது என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. அந்த ஐயாவுக்காவது தேயிலை கெட்டுப்போகும் என்று ஒரு காரணம் இருந்தது. இவர்களுக்கு எது கெட்டுப்போகும் என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தேத்தண்ணி நாளிலிருந்து போத்தல் இரண்டு பேருக்கும் பொது ஆயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகும்போது பூசுவேன், அத்தை சாயங்காலம் பூசுவார். நான் வாங்கி வருகிற ஒவ்வொரு புதுப் போத்தலையும் முதலில் அவர்தான் திறக்க வேண்டும். திறந்து, கண்ணை மூடி மோந்து, "ம், அதேதான்" என்று சொன்ன பிறகுதான் எனக்குக் கிடைக்கும்.

பக்கத்து லயத்தில் ஒரு பெண் பிள்ளைக்குச் சடங்கு சுற்றினார்கள். அத்தையும் நானும் போயிருந்தோம். அத்தை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பெரியம்மா தட்டோடு அந்தப் பக்கம் வந்தவர், நின்று மூக்கை உறிஞ்சினார். அத்தனை பேர் முன்னால், "தாலி இல்லாத கழுத்துல செண்டு மணக்குது. யாருக்குடி மணக்குது?" என்றார். சுற்றியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். வாய் கூசாத சிரிப்பு. அத்தை நிமிர்ந்து பார்த்து, "பூ வைக்கக்கூடாதுன்னுதான மதினி சொன்னீங்க? இது பூ இல்லைங்களே" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு அவர் விசேஷ வீடுகளுக்குப் போகவில்லை. செண்டை விடவுமில்லை. அன்று சிரித்த முகங்களை நான் மறக்கவில்லை. இப்போதும் தலவாக்கலைச் சந்தையில் அவர்களைக் கண்டால் எனக்குக் காறித் துப்பத் தோன்றும். துப்பியதில்லை, டீச்சர் என்கிற மரியாதைக்காக.

அப்படிப்பட்ட மனுஷி கட்டிலில் கிடந்து, தான் நாறுகிறோம் என்று கூனிக் குறுகியதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் சனிக்கிழமை தோறும் கடை கடையாக ஏறினேன். நுவரெலியாவில் வேறு வழியில்லாமல் வாங்கி வந்ததை அத்தை ஒரே மூச்சில் தள்ளிவிட்டார். "என்னையக் கழுவவா கொண்டாந்த?" என்றார். ஹட்டனில் ஒரு அத்தர் கடைக்காரர் நல்ல மனுஷர், கஸ்தூரி அத்தர் என்று சின்னக் குப்பியில் கொடுத்தார். ஒரு சொட்டு வைத்ததுதான், வீடு முழுக்க அதுவே குடியேறிவிட்டது. "ஈரக் கம்பளிய மூஞ்சில போட்ட மாதிரி இருக்கு, எடு" என்றார் அத்தை. கொழும்பிலிருந்து ஃபோனில் பார்த்துத் தருவித்தேன். அசலைப் போலவே என்று படத்தோடு போட்டிருந்தான். திறந்தால் பாகு காய்ச்சிய வாசம், அதற்கு அடியில் ஏதோ பிளாஸ்டிக் கருகியது போல ஒன்று. அத்தை அதற்கு மட்டும் கோபப்படவில்லை. "இதப் பூசுனா ஈ மொய்க்கும் புள்ள. ஏற்கனவே மொய்க்குமோன்னுதான் எனக்குப் பயம்" என்றார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அந்தப் போத்தலைத் தோட்டத்து ஓடையில் எறியலாம் என்று போனேன். மீன் குஞ்சு செத்துவிடுமோ என்று திரும்பக் கொண்டுவந்து குப்பையில் போட்டேன்.

கடைசியில் கிடைத்தது வீட்டிலிருந்து நாலு எட்டில். தலவாக்கலை மருந்துக் கடையில் அத்தைக்கு மாத்திரை வாங்கப் போனபோது, ஒருத்தி கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றாள். பிள்ளையின் தலையிலிருந்து லேசாக ஒரு வாசம் வந்தது. எங்கள் செண்ட் இல்லை. அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். கேட்டேன். குழந்தைகளுக்குப் பூசுகிற கொலோன், அந்தக் கடையிலேயே தட்டு நிறைய அடுக்கியிருந்தது. வாங்கி வந்து அத்தையிடம் நீட்டினேன். அவர் வெகுநேரம் மோந்தார்.

"இது செண்டு இல்ல, புள்ளைக்குப் போடறது" என்றார். இதுவும் போயிற்று என்று நினைத்தேன். போத்தலைத் திருப்பித் தரவில்லை. மறுபடி மோந்து, "நாறல" என்றார்.

காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துவிட்டேன். போர்வையைத் தானே நெஞ்சுவரை இறக்கினார். மகளைக் கூப்பிடச் சொன்னார். அவள் பயந்துகொண்டே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் இருந்த நாளெல்லாம் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான். வீட்டுப்பாடம் கூட அந்தக் கட்டிலில்தான் எழுதினாள்.

மழை விட்ட ஒரு காலையில் அத்தை போய்விட்டார். மாமனாருக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை, அதனால் தோட்டத்து லயத்துக்கே கொண்டுபோனோம். நான்தான் குளிப்பாட்டினேன். நல்ல சேலை கட்டிவிட்டு, காதுக்குப் பின்னாலும் மணிக்கட்டிலும் அந்தக் கொலோனைத் தொட்டு வைத்தேன். கூடியிருந்த பெண்களிடம், "வேற எதுவும் போட வேணாங்க. அத்தைக்கு இது போதும்" என்று தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் பின்பக்கம் கூப்பிட்டார்கள், போனேன்.

திரும்பி வந்தபோது பெரியம்மா, சாவு வீட்டில் தெளிக்கிற ஓடிகொலோன் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து அத்தையின் நெஞ்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். காலடியில் வேறு போத்தல்கள் காலியாகக் கிடந்தன. சடங்கு வீட்டில் சிரித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று முகத்திலும் முடியிலும் தெளித்தார்கள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணை எரித்தது அந்த நெடி.

"என்னா பெரியம்மா செய்யிறீங்க?" என்றேன்.

"வர்றவங்க மூக்கப் பொத்தக்கூடாதுல்ல புள்ள" என்றார். அவர் அழுதுகொண்டுதான் இருந்தார். அது பொய் அழுகை இல்லை, அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"உசுரோட இருக்கையில ஒரு சொட்டுக்கு என்னா பேச்சுப் பேசினீங்க?"

"அது வேற. இது வேற" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் ஊற்றினார்.

துடைக்க முயன்றேன். துடைக்கத் துடைக்க என் கையிலும் ஏறியதே தவிர அத்தையிடமிருந்து போகவில்லை. மறுபடி குளிப்பாட்ட நேரமில்லை, தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர் மோந்து தள்ளிய அத்தனை குப்பிகளையும் விட மோசமான ஒன்றைப் பூசிக்கொண்டு அத்தை கிடந்தார். வேண்டாம் என்று தள்ள அவருக்குக் கை இல்லை.

மகள் வாசலில் நின்றாள். இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். "வா" என்றேன்.

"அப்பாயி நாறுதும்மா" என்றாள்.

"நாறட்டும். பக்கத்துல வந்து உட்காரு" என்றேன்.