ஆடிக்கு வந்தவள் நட்ட செடிகள்

செல்வலட்சுமிக்கு எதையும் பார்த்தவுடன் நம்புகிற பழக்கம் கிடையாது. கோவில்பட்டியில் அவளும் அவள் புருஷன் ஆறுமுகசாமியும் நடத்துகிற விதை, புண்ணாக்குக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவள் உட்கார்ந்துவிட்டால், எதிரே நிற்கிற ஆளுக்கு ஒரு தப்பும் செய்யாமலே முதுகு கூசும். பருத்திக்கொட்டை வந்து இறங்கினால் கையை விட்டு அளைவாள், முகர்வாள், ஒன்றைக் கடித்தும் பார்ப்பாள். தேங்காய்க்காரன் காதில் வைத்து ஆட்டிக் காட்டியது போதாது, அவளும் ஒருதரம் ஆட்ட வேண்டும். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவனிடம் இரண்டு மடங்கு உஷாராக இருப்பாள். "இவ கண்ணுக்குத் தப்பி ஒரு எறும்பு உள்ள வர முடியாது" என்று ஆறுமுகசாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். செல்வலட்சுமி முகத்தைச் சுளிப்பாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அது பெருமைதான்.

கடையிலேயே இருந்து அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. நிலத்தை நம்பிப் பிழைக்கிற சம்சாரி என்ன விதை கேட்கிறான் என்பதை வைத்து, அவன் எத்தனை மாதம் ஊரில் இருப்பான் என்று சொல்லிவிடுவாள். பாசிப்பயறு கேட்டால் தை பிறந்ததும் திருப்பூர் பக்கம் வேலைக்குக் கிளம்பப் போகிறான். மிளகாய் விதை கேட்டால் சித்திரை வெயில் வரைக்கும் கரிசலில்தான் கிடப்பான். கொய்யாக் கன்றோ நெல்லிக் கன்றோ கிடைக்குமா என்று விசாரித்தால், இனி அவனை யார் வந்து இழுத்தாலும் அசைய மாட்டான். இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பியதில்லை.

அந்தக் கணக்கை ஒருநாள் பெற்ற மகளுக்கே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

ஒரே மகள் சத்யபிரியா. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை செண்பகராஜ் மதுரையில் நோட்டு, பேனா மொத்த வியாபாரம். நல்ல நிறம், நல்ல பேச்சு, வாய்க்கு வாய் 'அத்தை, அத்தை' என்பார். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்து, மாதம் முழுக்க வைத்திருந்து, ஆவணியில் அனுப்புவது வழக்கம். அப்படித்தான் வந்தாள்.

ஆடி கடைசி நாள் சாயங்காலம், பின்வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே செல்வலட்சுமி அந்த மாதத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். இரண்டு நாளில் மாப்பிள்ளை கூட்டிப்போக வருகிறார். மகள் அவரோடு போவாளா, மாட்டாளா? மாதம் பூராவும் அவள் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒரு கேள்விதான்.

வந்த இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, சத்யபிரியா மண்வெட்டியைக் கேட்டாள். பின்பக்க நிலம் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கை உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. ஆடிக் காற்று வேறு புழுதியை வாரி அடித்தது. இந்தப் பக்கத்தில் எவன் ஆடியில் மண்ணைக் கிளறுவான்? புரட்டாசியில் மழையைப் பார்த்துவிட்டுத்தான் விதைப்பெட்டியையே திறப்பான். குழாயில் தண்ணீர் வருவதே அதிசயமாக இருக்கிற ஊர். இவளோ அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் சேர்த்து ஊற்றிச் சிறுகீரை விதைத்தாள். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் வெண்டை விதை எடுத்துக்கொண்டு போனாள். அங்கேதான் செல்வலட்சுமிக்கு மூக்கு வியர்த்தது.

"ஏட்டி, இது காய்க்கதுக்குள்ள ஆவணி பாதி போயிருமே?"

"நீயும் அப்பாவும் பறிச்சுத் தின்னுங்க."

பதில் பழுதில்லாமல்தான் இருந்தது. பழுதில்லாத பதில் என்றாலே செல்வலட்சுமிக்குப் பயம். அதற்கடுத்துக் கத்தரி நாற்று வந்தது. அப்புறம் சுவரோரமாக ஒரு முருங்கைக் கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றினாள். சாணி உருண்டையை அதன் தலையில் அப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, செல்வலட்சுமி விரல் விட்டு எண்ணினாள். கீரை, வெண்டை, கத்தரி, முருங்கை. வாரத்துக்கு வாரம் ஆயுசு கூடிக்கொண்டே போகிறதே!

செடி ஒரு பக்கம் என்றால் புத்தகம் ஒரு பக்கம். படிக்கிற காலத்தில் பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் தொடாதவள், நூலகத்துக்குப் போய் வர ஆரம்பித்தாள். முதலில் தவளையும் நரியும் பேசுகிற மாதிரி ஒல்லிக் கதைப் புத்தகம். பிறகு கொஞ்சம் தடிமனாக. கடைசி வாரத்தில், ஊருக்குப் போக வேண்டியவள், தலையணை மொத்தத்துக்கு ஒரு நாவலைக் கொண்டு வந்தாள். செல்வலட்சுமி அவள் குளிக்கப் போன நேரம் அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். மூன்று பாகத்தில் முதல் பாகம் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் மற்ற இரண்டையும் எப்போது படிப்பதாக உத்தேசம்?

இதைப் புருஷனிடம் சொன்னாள்.

"அவ பாட்டுக்குப் படிக்கா, செடி நடுதா. நல்லாத்தான இருக்கா? ஒனக்குத்தான் பொழுது போகல" என்றார் ஆறுமுகசாமி.

செல்வலட்சுமிக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மாப்பிள்ளை தினமும் போன் பண்ணினார். காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில், சில நாள் நடுவிலேயும். வீடியோவில்தான் பேசுவார். சத்யபிரியா போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், இப்படியும் அப்படியும் திருப்பி, கீரைப் பாத்தியை, சுவரை, துவைக்கிற கல்லை எல்லாம் காட்டுவாள். புருஷனுக்குத் தோட்டத்தைக் காட்டுகிறாள் போல, ஆசையாகத்தான் இருக்கிறார்கள் என்று செல்வலட்சுமி மனசைத் தேற்றிக்கொள்வாள். உலகத்தில் எல்லாவற்றையும் துருவிப் பார்த்தவள் அதை மட்டும் துருவவில்லை.

அப்புறமும் மனசு கேட்கவில்லை. புருஷனோடும் சண்டையில்லை, மாமியாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை, ஆனால் திரும்பிப் போகிற முகமும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? வேறு யாரோ இருக்க வேண்டும். இந்த நினைப்பு வந்த அன்று செல்வலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு, மகளுக்குத் தெரியாமல் நூலகம் வரைக்கும் பின்னாலேயே போனாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் தூங்கினார். சத்யபிரியா காற்றாடிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். படிக்கும்போது அவள் முகம் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த மாதிரி இருந்தது. நிம்மதியாகத் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் செல்வலட்சுமி, இன்றைக்கு அவன் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தாள். அவள் குணம் அப்படி.

நேற்று, ஆடி முடிய ஒருநாள் இருக்கும்போது, எலுமிச்சங்கன்று வந்து சேர்ந்தது. சத்யபிரியா குழி தோண்டி நட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கன்னு யாரு கொண்டாந்து தந்தது?"

"நம்ம இசக்கிதுரை அண்ணாச்சிதான். லோடு ஆட்டோல குளத்தூருக்குப் போனாவளாம். வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தேன்."

"எப்ப சொன்ன? போன்லயா, நேர்லயா? கடைல வச்சா?"

சத்யபிரியா மண்ணை அணைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அப்புறம், "கடைல வச்சு. அப்பாவும் நின்னாவ" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

எலுமிச்சை காய்க்க மூன்று வருஷமாவது ஆகும். 'நீ திரும்பிப் போகப் போறியா இல்லியா?' என்று நேரே கேட்டிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் கேட்டால் பதில் வந்துவிடுமே! எதிர்வீட்டுச் சுடலையம்மாள் வேறு, "மகளை என்னைக்கு அனுப்பப் போறிய?" என்று தினமும் வாயைக் கிளறிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறேழு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள் என்று தெரு பேசினால் தன்னால் தாங்க முடியாது என்று செல்வலட்சுமி பயந்தாள். அதனால் கேட்காமல், மோப்பம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி இரண்டாம் நாள் செண்பகராஜ் காரில் வந்து இறங்கினார். கை நிறையப் பூவும் பழமும். மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. மாப்பிள்ளைக்குக் கடம்பூர் போளி பிடிக்கும் என்று ஆறுமுகசாமி பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சத்யபிரியா உள்ளே துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். போகத்தான் போகிறாள்! செல்வலட்சுமிக்கு ஒரு மாதத்துச் சுமை இறங்கிய மாதிரி இருந்தது. தன் கணக்கு தப்பிப்போனதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு, செண்பகராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"அத்தை, சும்மாதான் கேக்கேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. இவ லைப்ரரிக்குப் போனா எத்தனை மணிக்குத் திரும்பி வருவா?"

"ஏன் மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல. போன எடுக்க மாட்டேங்கா. அங்க பேசக்கூடாதுங்கா. தனியாத்தான் போனாளா? கூட யாரும்..."

செல்வலட்சுமி வெற்றிலைத் தட்டை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள்.

"தெனமும் வீடியோல வீட்டச் சுத்திக் காட்டச் சொல்லுவேன். முந்தாநாள் பாத்தா புதுசா ஒரு கன்னு நிக்கி. அந்தக் கன்னு யாரு கொண்டாந்து தந்தது?"

அவள் கேட்ட அதே கேள்வி. அதே வார்த்தை. சிரித்த முகம் மாறாமல் கேட்டார்.

தோட்டத்தில் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிய மகள் கண்முன்னால் வந்தாள். அது ஆசையில் காட்டியது இல்லை. யாரும் இல்லை என்று காட்டியது. மதுரையிலும் இப்படித்தான் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று ஒவ்வொரு மூலையாகக் காட்டிக்கொண்டிருந்திருப்பாள். அங்கிருந்து ஒரு மாதம் தப்பித்து வந்தவள் இங்கே யாரிடம் வந்து சேர்ந்தாள்? அதை நினைத்தபோது செல்வலட்சுமிக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. போன நேரம், வந்த நேரம், உடுத்தியிருந்த சேலை, ஆட்டோ டிரைவர் பேர் வரைக்கும்.

"எனக்குத் தெரியாது மாப்பிள்ளை" என்றாள். "நான் ஒண்ணையும் கவனிக்கல."

"என்ன அத்தை இப்படிச் சொல்லுதீங்க? ஒங்க கண்ணுக்குத் தப்பி எறும்புகூட உள்ள வராதுன்னு மாமா சொல்லுவாவளே."

"அவிய சும்மா சொல்லுவாவ. எம் பிள்ள எங்க போறா, எப்ப வாரான்னு நான் எதுக்குப் பாக்கணும்?"

செண்பகராஜின் சிரிப்பு கொஞ்சம் வற்றியது. "சரி, கிளம்புதோம். சத்யா!"

சத்யபிரியா பையோடு வந்து நின்றாள். செல்வலட்சுமி எழுந்துபோய் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"அவ இப்ப வரல மாப்பிள்ளை."

"எப்ப வருவா?"

"வரணும்னு அவளுக்குத் தோணுனா அவளே சொல்லுவா. நீங்க ஒங்க வீட்டுப் பெரியவங்களக் கூட்டிட்டு வாங்க, ஒக்காந்து பேசுவோம். வெயில் தாழ முன்ன கிளம்புங்க."

செண்பகராஜ் பொண்டாட்டியைப் பார்த்தார். "நீ என்னடி சொல்லுத?" என்றார். சத்யபிரியா பையைத் தரையில் வைத்தாள். அவ்வளவுதான் சொன்னாள். கார்க் கதவு அடித்துச் சாத்தப்பட்ட சத்தத்தில் சுடலையம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். செல்வலட்சுமி அவளை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றாள். சுடலையம்மாள்தான் முதலில் உள்ளே போனாள்.

வீட்டுக்குள் வந்தபோது சத்யபிரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். செல்வலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு கேட்டதெல்லாம் நானும் கேட்டதுதாம்ட்டி" என்றாள்.

"தெரியும்மா. அதான் ஒங்கிட்ட சொல்லல."