குட்டியின் பேதிக்கு யார் காரணம்

எங்கள் நாய்க்குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்த காலையில், அதற்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்குச் செரிமான மண்டலம் நடத்தி ஓய்வு பெற்றவன் இருக்கும் வீட்டில் வேறு யாருக்கு அந்தத் தகுதி? விடிந்ததிலிருந்து குட்டி நான்கு முறை போய்விட்டது. இரண்டு முறை வாந்தி. இரண்டரை மாதக் குட்டி. நேற்று வரை என் செருப்பை இழுத்துக்கொண்டு ஓடியது, இப்போது கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் நான் யாரையாவது திட்டுவேன்.

முதலில் மனைவி. "பால் குடுத்தியா?"

"தயிர் சோறு தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கீங்க?"

அடுத்து எதிர் வீட்டின் மேல் பாய்ந்தேன். அங்கே பட்டு நெய்கிறார்கள். தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும்போது எங்கள் குட்டி அந்த வாளியில் வாய் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த வீட்டு அம்மா கஞ்சிக் கையோடு எழுந்து வந்தார்.

"இன்னா சார், அரிசிக் கஞ்சி குடிச்சா வயிறு கட்டும். போவுமா? காலைல வந்து பேஜார் பண்ணிகினு. ஜல்தியா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க."

அறிவியல் ஆசிரியனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மனைவி குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, ஸ்கூட்டரில் போனோம். டாக்டர் சின்னப் பெண். குட்டியின் தோலை இழுத்து விட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டுச்சு?"

"தயிர் சோறு மட்டும்தான் டாக்டர். அந்த விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு."

"அப்போ வைரஸா இருக்கலாம். ஆனா ஒண்ணு, சாக்லேட், வெங்காயம், உலர்ந்த திராட்சை மாதிரி எதையாவது தின்னுச்சா? திராட்சைன்னா கிட்னி போயிடும். உடனே டிரிப் போடணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றுமே இல்லை. எனக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை. தினமும் சாயங்காலம் வாக்கிங் என்று கிளம்பிப் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு லட்டு வாங்கி வந்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தின்பேன். குட்டி வந்த பிறகு அதுவும் படியேறி வந்து அண்ணாந்து பார்க்கும். அதை விட்டுவிட்டுத் தின்ன மனம் வராது. முந்திரி எனக்கு. எனக்குப் பிடிக்காத திராட்சை அதற்கு. இதைத்தான் இத்தனை நாளும் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லட்டு தெருவில் கிடந்ததாகச் சொல்லிவிடலாமா என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்குப் போட்டேன். துண்டுக்குள்ளிருந்து குட்டி மெல்ல முனகியது.

"லட்டு, டாக்டர். நான்தான் குடுத்தேன்."

"எத்தனை திராட்சை இருக்கும்?"

"நேத்து ஆறேழு. மத்த நாள்ல ஒண்ணு ரெண்டு."

"தினமும் வீட்ல லட்டா?"

கடை, மாடி, தொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

குட்டியின் முன்னங்காலில் ஊசி ஏற்றி டிரிப் போட்டார்கள். மறுநாளும் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் காலையில் அது வாசலில் கெட்டியாகப் போனதை இருவரும் குனிந்து நின்று பார்த்தோம். பேத்தி பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. உன் வயிறு தேறிடுச்சுடா என்று அதைத் தூக்கிக் கொஞ்சினேன்.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"குட்டிக்காக ஒரு நிமிஷத்துல உண்மையைச் சொல்லிட்டீங்க. உங்க முன்னாடி நான் மட்டும் எப்படித் தின்றதுன்னு மூணு வருஷமா நானும் இனிப்பைத் தொடலைங்க. எனக்காக ஒரு நாளாவது சொல்லத் தோணலையா?"

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குப் பதில் பேசத் தெரியும்.