மல்லிகாவின் பெயரில் வந்த பதில்

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை, கிரிவலத்துக்கு லாட்ஜ் அறை கேட்டு வெளியூர்க்காரர்களின் செய்திகள் குவிந்துகொண்டிருந்தபோது மல்லிகாவின் கணவர் சேகர் அண்ணனின் போன் வந்தது. "மல்லிகா போயிட்டாம்மா" என்றார். பக்கத்து நாற்காலிக்காரி, வேங்கிக்கால் ஆபீசில் என் சோற்றைப் பிடுங்கித் தின்றவள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவளிடம் திட்டு வாங்காதவர்கள் நம்மில் யாருமில்லை. வருகிற செய்தியிலிருந்து பெயரைப் பிரித்தெடுத்துப் பதில் போடும் பெர்ல் மொழிக் கணினி நிரல் அவள் எழுதியது. "பெயர்:" என்று போடாமல் யாராவது அனுப்பினால் நிரல் தேடும் வடிவம் பொருந்தாது. ஆனால் பெயர் வந்து உட்காரும் இடம் காலியாகாது. முன்பு பொருந்திய பெயரே அங்கே கிடக்கும். "பொருந்துச்சான்னு மொதல்ல கேளு, அப்புறம் கைய வை" என்பாள். அதைச் சொல்லிச் சொல்லியே நம் உயிரை வாங்கினாள்.

நிரலின் தொடக்கத்தில் வடிவத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரிச் செய்தி வைத்திருந்தாள். பெயர்: மல்லிகா. "ஏண்டி உன் பேரு?" என்று கேட்டேன். "உள்ளூர்க்காரிக்கு லாட்ஜ்ல ரூம் எதுக்கு? என் பேர்னா யாருக்கும் குழப்பம் வராது" என்றாள்.

காரியத்துக்கு வரும் உறவினர்களுக்காகச் சேகர் அண்ணன் நம் ஆபீஸ் எண்ணுக்கே, "ரெண்டு ரூம் வேணும்" என்று அனுப்பியிருக்கிறார். பெயர் போடவில்லை. ஆபீசுக்கு வந்து போனை நீட்டினார். "வணக்கம் மல்லிகா, உங்கள் அறை தயார்."

நிரலைத் திறந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவள் கடைசியாகச் சேர்த்த வரியில் பொருந்தியதா என்ற அந்தச் சோதனை இல்லை. ஊரையே திட்டியவள், வலியில் மறந்திருக்கிறாள். ஒரு செய்தி முடிந்ததும் அதில் வந்த பெயர் நீங்கிவிடும்; அதனால் பெயர் பொருந்தாதபோதெல்லாம், தொடக்கத்தில் பொருந்திய அவள் பெயரே பதிலில் போயிருக்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் நாம் யாரும் கவனிக்கவில்லை.

"இப்பவே சரி பண்ணிடறேன் அண்ணா."

"இன்னொரு தடவ அனுப்பிப் பாத்துக்கட்டுமா?" என்றார்.

தலையாட்டினேன். அனுப்பினார். பதில் வந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா, பண்ணிடு" என்றார். பொருந்தியதா என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். அவள் நூறு முறை சொன்ன அதே வரி.

மாதிரிச் செய்தியில் இருக்கும் அவள் பெயரை நான் தொடவில்லை. இனி அது யாருடைய பதிலிலும் வராது. ஒவ்வொரு நாளும் நிரல் முதலில் அவள் பெயரைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

இப்போதும் சில நாட்களில் சேகர் அண்ணனின் எண்ணிலிருந்து பெயர் இல்லாமல் ஒரு செய்தி வருகிறது. "பெயர் கிடைக்கவில்லை, மறுபடியும் அனுப்புங்கள்" என்று நிரல் பதில் போடுகிறது. அவரும் மறுபடியும் பெயர் போடாமலே அனுப்புகிறார்.